டேட்டாபேஸ் ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் திருத்தக் கேட்க வேண்டியவை

திருமங்கலம் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியின் நூலகர் கேட்டிருக்கிறார்: "ஒரு நிறுவனம் 12,000 இதழ்கள் அடங்கிய டேட்டாபேஸ் தருவதாகச் சொல்கிறது. ஆண்டுக்கு 3.25 லட்சம் ரூபாய். மார்ச் 31-க்குள் கையெழுத்துப் போட்டால் 15 சதவீதம் தள்ளுபடி. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வரவிருப்பதால் செயலாளர் அவசரப்படுகிறார். எங்களிடம் என்-லிஸ்ட் ஏற்கெனவே இருக்கிறது. இது தேவையா? 14 பக்க ஒப்பந்தத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

வந்திருக்கும் வடிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த டேட்டாபேஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது உங்கள் துறைகள் என்ன படிக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆனால் நிறுவனம் அனுப்பும் ஒப்பந்தம் அதன் வக்கீல்கள் அதன் நலனுக்காக எழுதிய முதல் வரைவு. திருத்தித் தரச் சொல்லி எழுதிக் கேட்கலாம். கேட்கிற நூலகங்களுக்குத் திருத்தித் தரவும் செய்கிறார்கள். புத்தகக் கொட்டேஷனில் பத்து சதவீதக் கழிவுக்கு ஒரு வாரம் பேசுகிற நம் கல்லூரிகள், மூன்று லட்ச ரூபாய் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் மட்டும் புரட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன? பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் 2010-இல் கல்லூரிகளுக்காகத் தொடங்கியது என்-லிஸ்ட். 6,000-க்கும் மேற்பட்ட மின்னிதழ்களும் லட்சக்கணக்கான மின்னூல்களும் அதில் வருகின்றன. அதைவிட முக்கியம், ஒவ்வொரு மாணவருக்கும் தனி லாகின் கொடுக்கலாம், வீட்டிலிருந்தும் திறக்கும். உங்கள் கல்லூரியில் எத்தனை மாணவர்களுக்கு லாகின் போட்டிருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பாருங்கள். ஆசிரியர் பெயர்களை மட்டும் ஏற்றிவிட்டு, மாணவர் பட்டியலை ஏற்றாமலே விட்டுவைத்திருக்கும் கல்லூரிகள் நிறைய. குறைந்த கட்டணத்தில் கிடைப்பதையே மாணவர் கையில் சேர்க்காத இடத்தில், மூன்று லட்சத்துக்கு வாங்குவதும் அதே அலமாரியில்தான் போய்ச் சேரும்.

"ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, பிறகு எதற்கு இது?" என்று செயலாளர் கேட்கக்கூடும். இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்ட, 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். சுமார் 6,300 நிறுவனங்கள். ஆனால் அந்த நிறுவனங்கள் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிலையங்களும் மத்திய அரசின் ஆய்வு நிலையங்களும்தான். நாகமலை புதுக்கோட்டையில் மதுரை காமராஜர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் திறக்கும் இதழ், அதே பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற உங்கள் கல்லூரியில் திறக்காது. இணைவு என்பது பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் பட்டத்துக்கும். இதழ் உரிமத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனி. பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்யும் உங்கள் ஆசிரியர் தன் லாகினை மாணவர்களுக்குக் கொடுத்து உதவ நினைக்கலாம். நல்ல மனசுதான். ஆனாலும் அது பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தத்தை மீறும் செயல், தடை வந்தால் அங்கே ஆய்வு செய்கிறவர்கள் எல்லோருக்கும் வரும். அந்த வழியை ஊக்குவிக்காதீர்கள்.

இப்போது அந்த 12,000. எந்த டேட்டாபேஸ் விற்பனையிலும் முதலில் நீட்டப்படுவது இதழ்களின் எண்ணிக்கை. அதை அப்படியே நம்ப வேண்டாம். இதழ்ப் பட்டியலை எக்செல் கோப்பாகக் கேளுங்கள். பிடிஎஃப் வேண்டாம், அதில் தேடிப் பிரிக்க முடியாது. கோப்பு வந்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முழுக் கட்டுரை கிடைக்கும் இதழ்கள் எத்தனை, கட்டுரைச் சுருக்கம் மட்டும் காட்டுபவை எத்தனை? முழுக் கட்டுரை உள்ளவற்றில் அண்மை இதழ் உண்டா, அல்லது பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தடைக்காலம் இருக்கிறதா? பல பதிப்பகங்களின் இதழ்களைத் திரட்டித் தரும் டேட்டாபேஸ்களில் இந்தத் தடைக்காலம் சாதாரணம். இதழ் பெயர் பட்டியலில் இருக்கும், கடைசி ஓராண்டு மட்டும் இருக்காது. நின்றுபோன இதழ்கள் எத்தனை? கடைசியாக, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் இதழ்கள் எத்தனை?

நான்காவது கேள்விதான் அந்த எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்கும். திறந்த அணுக்க இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே 2003 முதல் இயங்குகிறது. தன் பட்டியலை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. என்-லிஸ்ட் பட்டியலும் உங்களிடம் உண்டு. இரண்டையும் நிறுவனம் தந்த பட்டியலோடு ஒவ்வொரு இதழுக்கும் உரிய ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். அச்சு எண் வேறு, மின் எண் வேறு என்பதால் இரண்டு எண்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். கணினித் துறை மாணவர் ஒருவர் அரை நாளில் செய்து கொடுத்துவிடுவார். அந்தக் கழித்தலுக்குப் பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் உண்மையில் காசு கொடுக்கும் பொருள். மிஞ்சிய பட்டியலைத் துறைத் தலைவர்களிடம் கொடுத்து, தங்கள் மாணவர்களுக்கு வேண்டிய இதழ்களை மட்டும் டிக் செய்யச் சொல்லுங்கள். வணிகவியலும் கணினி அறிவியலும் மட்டும் உள்ள கல்லூரிக்கு 800 மருத்துவ இதழ்கள் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர வேறு பயன் தராது.

இனி ஒப்பந்தம். அச்சுப் புத்தகம் வாங்கினால் அது கல்லூரிக்குச் சொந்தம். யாருக்குக் கொடுப்பது, எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். டேட்டாபேஸில் வாங்குவது ஒரு அனுமதி. நம் ஊரில் வீடு ஒத்திக்கு எடுத்தால் காலி செய்யும்போது கொடுத்த பணமாவது திரும்பி வரும்; இது சுத்த வாடகை. அந்த அனுமதி யாருக்கு, எங்கிருந்து, எதற்கு, எதுவரை என்பதையெல்லாம் அந்தப் பதினாலு பக்கமே தீர்மானிக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு சொந்த ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் சில விலக்குகளைத் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகல்கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம், பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது கற்பித்தலுக்கான அந்த விலக்கில் அடங்கும் என்று ஏற்றது. ஆனால் ஒப்பந்தத்தில் "பாடத் தொகுப்பு தயாரிக்கக் கூடாது" என்று எழுதியிருந்து நீங்களும் கையெழுத்துப் போட்டால், சட்டம் கொடுத்ததை நீங்களே விட்டுக்கொடுத்ததாக வாதம் வரும். ஆகவே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "இந்திய பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்குகள் எதையும் இந்த ஒப்பந்தம் குறைக்காது." இதை மறுக்கும் நிறுவனத்திடம் ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பயனாளர் யார் என்ற வரையறை இரண்டாம் பக்கத்திலேயே இருக்கும். "முழுநேர மாணவர்கள், நிரந்தர ஊழியர்கள்" என்று இருந்தால் கௌரவ விரிவுரையாளர்கள், பகுதிநேர ஆய்வாளர்கள், ஓய்வு பெற்றும் நெறியாளராகத் தொடரும் பேராசிரியர் எல்லோரும் வெளியே. "மாணவர்கள், எந்த வகைப் பணியிலும் உள்ள ஆசிரியர்கள், ஊழியர்கள், ஆய்வாளர்கள்" என்று விரித்து எழுதச் சொல்லுங்கள். நூலகத்துக்குள் நேரில் வந்து உட்கார்ந்து படிக்கும் வெளியாட்களும் பயனாளரே என்ற வரியும் தேவை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் பழைய மாணவர், பேரையூரிலிருந்து வரும் பள்ளி ஆசிரியர், இவர்களை டேட்டாபேஸ் கணினியிலிருந்து எழுப்பி அனுப்பும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. பல உரிம மாதிரிகளில் இந்த வரி வழக்கமாகவே உண்டு. கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பொது நூலகம் ஒன்று டேட்டாபேஸ் வாங்குவதாக இருந்தால் இந்த ஒரு வரிதான் மொத்த ஒப்பந்தமுமே. உள்ளே வருகிற யாரும் வாசகர் என்கிற இடத்தில், மாணவர் தலைக்கணக்கில் விலை போடும் முறையே பொருந்தாது.

எங்கிருந்து என்ற கேள்வியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்கள் மாணவிகளில் எத்தனை பேர் கல்லூரி விட்டதும் சேடபட்டிக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் டவுன் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள்? அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டிய ஊர்கள் உண்டு. வகுப்பு முடிந்து நூலகத்தில் உட்கார்ந்து இதழ் படிக்கும் வசதி அவர்களுக்குக் கிடையாது. அவர்களுடைய வாசிப்பு இரவு எட்டு மணிக்கு மேல், வீட்டில், செல்போனில். "வளாகத்துக்குள் மட்டும்" என்று ஒப்பந்தம் சொன்னால் கல்லூரியில் பாதிப் பேருக்கு அந்த டேட்டாபேஸ் இல்லாத மாதிரிதான். விலை பேசும்போது மட்டும் அவர்கள் தலையும் கணக்கில் சேர்ந்திருக்கும். இது அநியாயம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தொலைவிலிருந்து நுழையும் உரிமை கூடுதல் கட்டணம் இல்லாமல் அடிப்படை விலையிலேயே இருக்க வேண்டும்.

அதற்கான தொழில்நுட்ப வழியையும் எழுத்தில் கேளுங்கள். பெரிய கல்லூரிகளுக்கு நிலையான ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இருக்கும். அந்த எண்ணை நிறுவனம் பதிவு செய்துகொண்டால் வளாகத்துக்குள் பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கும். சிறு கல்லூரிகளில் ஓடுவது பெரும்பாலும் சாதாரண ஃபைபர் இணைப்பு. அதில் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். சில சேவைகளில் உங்கள் கல்லூரியும் பக்கத்து ஜவுளிக்கடையும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட முகவரியைப் பதிவு செய்ய எந்த நிறுவனமும் ஒப்பாது. அதனால் கையெழுத்துக்கு முன்பே இணைய இணைப்புக்காரரிடம் நிலையான முகவரி கிடைக்குமா, மாதம் எவ்வளவு கூடும் என்று கேட்டு வையுங்கள். வீட்டிலிருந்து நுழைய ஒவ்வொருவருக்கும் தனி லாகினா, கல்லூரியின் சர்வர் ஊடாக நுழைக்கும் ப்ராக்ஸி வழியா, கல்லூரி லாகினாலேயே பல தளங்களிலும் நுழையவிடும் இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் கூட்டமைப்பு வழியா என்பதும் தெளிவாக வேண்டும். கல்லூரி முழுமைக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது இரண்டு வாரத்தில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும், பழி உங்கள் மேல் விழும்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற வரம்பையும் பாருங்கள். சட்ட டேட்டாபேஸ்களில் இது பரவலாக உள்ள முறை. மூன்று பேருக்கு உரிமம் என்றால் நான்காவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான். பதினைந்து வக்கீல்கள் உள்ள அலுவலகத்துக்கு அது ஓடும், அறுபது பேர் உட்காரும் வகுப்புக்கு ஓடாது. (சட்டம் தொட்ட பாடம் உங்களிடம் இருந்தால், உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளை இ-எஸ்சிஆர் என்ற பெயரில் 2023 ஜனவரி முதல் நீதிமன்றமே இலவசமாகத் தருகிறது, முதலில் அதைக் காட்டிக் கொடுங்கள்.)

அடுத்து, தடை. ஒப்பந்தங்களில் "அளவுக்கு மீறிய பதிவிறக்கம் கண்டால் சேவையை உடனே நிறுத்துவோம்" என்று இருக்கும், எது அளவு என்று இருக்காது. ஒரு மாணவர் ஆய்வுக்காக ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டு முன்னூறு கட்டுரைகளை இறக்கினால் கல்லூரி முழுவதற்கும் கதவு மூடும். அதுவும் ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில்தான் நடக்கும். நீங்கள் கேட்க வேண்டியது: முதலில் அந்த ஒரு லாகினை மட்டும் நிறுத்துவது, நூலகருக்கு எழுத்தில் தெரிவிப்பது, சரிசெய்யக் கால அவகாசம் கொடுப்பது, ஒரு மாணவர் செய்த மீறலுக்குக் கல்லூரி நட்டஈடு கொடுக்காது என்பது. நியாயமான முறையில் மாணவர்களுக்கு விதிகளைத் தெரியப்படுத்துவது உங்கள் கடமை, மீறல் தெரிந்தால் நடவடிக்கை எடுப்பதும் உங்கள் கடமை. அதற்கு மேல் ஒவ்வொரு மாணவரின் விரலுக்கும் பொறுப்பேற்கும் வாசகம் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது புதிதாக வரும் ஒப்பந்தங்களில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் கட்டுரையை ஏற்றக் கூடாது என்ற வாசகமும் வருகிறது. மாணவர்கள் தினமும் செய்கிற காரியம் அது. முழுத் தடைக்குப் பதில், மாதிரிகளைப் பயிற்றுவிப்பதற்கும் பொதுவெளியில் மறுபகிர்வுக்கும் மட்டும் தடை என்று சுருக்கிக் கேளுங்கள்.

சந்தா நின்ற பிறகு என்ன மிஞ்சும்? பதிப்பகத்திடம் நேரடியாக வாங்கும் இதழ்த் தொகுப்பாக இருந்தால், காசு கொடுத்த ஆண்டுகளின் இதழ்கள் சந்தா நின்ற பின்னும் திறக்க வேண்டும் என்று கேட்க முடியும். போர்ட்டிகோ, க்ளாக்ஸ் போன்ற காப்பகங்களில் அந்த இதழ்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் கேட்கலாம். திரட்டு டேட்டாபேஸில் இது பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் அந்த நிறுவனத்துக்கே பதிப்பகம் கொடுத்திருப்பது தற்காலிக உரிமம்தான். அதே காரணத்தால் ஆண்டு நடுவில் இதழ்கள் கழன்று போகும். பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் முழுக் கட்டுரை இதழ்கள் குறைந்தால் அதற்கேற்பப் பணம் திரும்ப வேண்டும் அல்லது நீங்கள் விலகலாம் என்று எழுதுங்கள். நான் பத்து சதவீதம் என்று கேட்கச் சொல்வேன்.

விலையில் இரண்டு பொறிகள். ஒன்று, தானாகப் புதுப்பிக்கும் வாசகம்: அறுபது அல்லது தொண்ணூறு நாளுக்கு முன் எழுதித் தெரிவிக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் நீங்கள் கடனாளி. இதை நீக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, முதல் ஆண்டுத் தள்ளுபடி. மார்ச் 31-க்கு அவசரப்படுத்துவது விற்பனையாளரின் ஆண்டுக் கணக்குக்காக. ஏப்ரலிலும் அவர் அதே டேட்டாபேஸைத்தான் விற்கப் போகிறார். இரண்டாம் ஆண்டு அந்த 15 சதவீதம் மறைந்து, மேலே ஒரு உயர்வும் சேர்ந்து வரும். மூன்று ஆண்டு விலையை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். உயர்வு ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடாது என்றும், ரூபாயிலேயே என்றும் இருக்கட்டும். டாலரில் போட்டால் நாணய மதிப்பு இறங்கும் சுமை உங்கள் தலையில். நடுவில் விலகும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும், குறிப்பாக மாணவர் சேர்க்கை குறைந்தால். சந்தா ஆண்டு ஜூன் மாதம் தொடங்கட்டும். ஏப்ரலில் தொடங்கினால் தேர்வும் விடுமுறையுமாக முதல் இரண்டு மாதப் பணம் வீண்.

வரி பற்றி ஒன்று. பட்டப்படிப்பு நடத்தும் கல்வி நிலையங்களுக்கு இணையவழிக் கல்வி இதழ்கள் வழங்குவதற்கு 2018 ஜனவரியில் ஜிஎஸ்டி விலக்கு வந்தது. உங்கள் கொட்டேஷனில் 18 சதவீதம் சேர்ந்திருந்தால் எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். இதழ்த் தொகுப்பும் மென்பொருள் சேவையும் ஒரே பில்லில் கலந்திருக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதாக இருந்தால் வருமான வரிப் படிவங்கள் எல்லாம் வரும், ஆடிட்டரைக் கேட்காமல் நகராதீர்கள். வழக்கு நடக்கும் இடம் லண்டன் என்றோ டெல்லி என்றோ இருந்தால் மதுரை என்று மாற்றச் சொல்லுங்கள். குறைந்தது எந்த இடத்தையும் குறிப்பிடாமல் விட்டுவிடும்படி கேளுங்கள்.

பயன்பாட்டு அறிக்கை, மின்னிதழ்ப் பயன்பாட்டை எண்ணுவதற்கான பொது விதிமுறையான கவுன்டர் தரத்தில் மாதந்தோறும் வர வேண்டும் என்று எழுதிவிடுங்கள். விற்பனையாளர் காட்டும் "தேடல்" எண்ணிக்கை பெரிதாக இருக்கும், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கவுன்டர் ஐந்தாம் பதிப்பில், ஒரே அமர்வில் ஒருவர் ஒரு கட்டுரையை எச்டிஎம்எல்லிலும் பிடிஎஃபிலும் திறந்தாலும் ஒன்றாகவே எண்ணும் கணக்கு ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள். ஆண்டுத் தொகையை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு கட்டுரைக்கு என்ன விலை கொடுத்தோம் என்று தெரியும். 3 லட்சம் கொடுத்து 3,000 கட்டுரை படித்தால் கட்டுரைக்கு 100 ரூபாய். 150 கட்டுரைதான் என்றால் 2,000 ரூபாய். செயலாளரிடம் பேச இந்த ஒரு கணக்கு போதும். நாக் விஷயத்திலும் சந்தா ரசீது மட்டும் பேசாது; வெளியிலிருந்து நுழைய முடிகிறதா, எவ்வளவு பயன்படுகிறது என்பதையும் கேட்பார்கள்.

தமிழ்த் துறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மாதிரித் தொகுப்புகளில் தமிழ் ஆய்வு மாணவருக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். ஆனால் பணம் மட்டும் பொது நூலக நிதியிலிருந்து, அதாவது தமிழ்த் துறைக்கான பங்கையும் சேர்த்துத்தான் போகிறது. 1901-இல் தமிழ்ச் சங்கம் எழுந்து, ‘செந்தமிழ்’ இதழ் வெளிவந்த ஊர் நம் மதுரை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ் இலக்கிய நூல்களை இணையத்தில் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா ஆகிய மூன்றையும் உங்கள் நூலகப் பக்கத்தில் முதலில் தெரியும்படி வையுங்கள், மூன்றும் இலவசம். மிச்சப்படும் தொகையில் தமிழ்த் துறை கேட்கும் அச்சு இதழ்களின் சந்தாவைப் புதுப்பியுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். இன்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எக்செல் பட்டியல், வேர்டு வடிவில் ஒப்பந்தம், முப்பது நாள் சோதனை அனுமதி. சோதனையை வகுப்பு நடக்கும் மாதத்தில் கேளுங்கள், அதுவும் வீட்டிலிருந்து செல்போனில் திறக்கும்படி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு மாணவிகளிடம் கொடுத்து இரவில் திறந்து பார்க்கச் சொன்னால் தொலை அணுக்கம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று மறுநாளே தெரிந்துவிடும். சுற்றியுள்ள கல்லூரி நூலகர்களுக்கும் போன் போட்டு இதே நிறுவனம் அவர்களிடம் என்ன விலை சொன்னது என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் ரகசிய வாசகம் இருந்தால் கையெழுத்துக்குப் பிறகு அதைப் பேச முடியாது, இப்போது பேசலாம். நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்டால் விலையும் இறங்கும், வாசகங்களும் மாறும்.

தொலை அணுக்கம், பயனாளர் வரையறை, தானாகப் புதுப்பித்தல், இந்த மூன்றில் ஒன்றுக்கு மறுப்பு வந்தாலும் இந்த ஆண்டு வாங்காதீர்கள். என்-லிஸ்ட் லாகின்களை எல்லா மாணவருக்கும் போட்டு, ஓராண்டு பயன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பேசுங்கள். மூன்றும் கிடைத்தால், திருத்திய ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இருதரப்பும் கையொப்பம் இட்டு, இதழ்ப் பட்டியலைப் பின்னால் தைத்து, ஒரு நகலைப் பிரின்சிபால் அலுவலகக் கோப்பிலும் இன்னொன்றை நூலகத்திலும் வையுங்கள். அடுத்து வரும் நூலகருக்கு அது வேண்டியிருக்கும்.